பதினோராம் கட்டம்

விண்ணப்பத்தின் பதினோராம் கட்டம்
பள்ளியின் முகவரியைக் கேட்கும்.
கதவு எண், தெரு, நகரம், அஞ்சல் குறியீடு.
எழுத்துக்கு ஒன்றாக நாற்பது கூண்டுகள்.

இக்லாஸ் பாபிக்கிர் அல்தய்யிப் இத்ரீஸ்
கையுறையைக் கழற்றிவிட்டுப் பேனாவை எடுத்தாள்.
அவள், அப்பா, அப்பாவின் அப்பா, அவருக்கும் அப்பா.
முதல் கட்டத்திலேயே
பூட்டனார் பாதி உடம்போடு வெளியே தொங்கினார்.
என் மேசைப் பலகையிலும் 'மங்கையர்க்க' வரைக்கும்தான் இடம்.
அரசி இன்னும் வாசலில் நிற்கிறாள்.
ஆங்கிலத்தில் எடுபடாத பகடி.
சொல்லாமல் விட்டேன்.

கார்ட்டூமில் தெருவுக்கு எண் உண்டு,
யாரும் சொல்வதில்லை, என்றாள்.
பிறகு கடிதம் எப்படி வரும்?
கடிதமா? என்றாள்.

படிவத்தைக் குப்புறப் போட்டு
அதன் வெற்று முதுகில் வரையத் தொடங்கினாள்.
முதலில் இரண்டு நைல்கள்.
ஒன்று நீலம், ஒன்று வெள்ளை;
அலுவலகப் பேனாவில் இரண்டும் நீலம்.
சேர்ந்த இடத்துக்குக் கீழே தண்டவாளம்.
தாண்டினால் மருந்துக்கடை.
பெயர்ப்பலகையில் பிறை மட்டும் எரியும்,
எழுத்துகள் எரிவதில்லை.
எதிரே ஒரு வேம்பு. அவளும் 'நீம்' என்றுதான் சொன்னாள்.
அடியில் மூன்று மண்ஜாடி,
சங்கிலியில் ஒரு தகரக் குவளை,
போகிறவர் வருகிறவர் குடிக்க
யாரோ தினமும் நிரப்பி வைப்பது.
தண்ணீர்ப் பந்தல் என்று எங்களிடம் ஒரு சொல் உண்டு,
சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள்
தேநீர்க்காரி ஹவ்வாவின் முக்காலி வந்துவிட்டது.
ஹவ்வாவுக்குத் தர வேண்டியது
பதினொரு கோப்பைக் காசு,
இஞ்சி போட்டதற்குத் தனி.
அங்கே இடப்பக்கம் திரும்பினால் பச்சை வாயில்.
ஒரு சதுரம் போட்டாள்.
உள்ளே எதுவும் வரையவில்லை.

சான்றிதழ்?

பேனா முனை சதுரத்தை ஒருமுறை தட்டியது.
ஏப்ரல், என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து, கூரை, என்றாள்.
மைனஸ் முப்பத்தொன்றில்
ஜாஸ்பர் அவென்யூ பேருந்து ஒன்று
தன் மூச்சுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

மைக்ரோவேவ் சுற்றுகிற மூன்று நிமிடத்தில்
கைப்பேசியில் அந்த ஊருக்கு மேலே பறந்தேன்.
தண்டவாளம் இருந்தது.
கரும்பச்சைப் பொட்டாக வேம்பு.
மேலிருந்து பார்க்கிறவருக்கு வாயிலின் நிறம் தெரியாது.
கூரை முழுசாக இருந்தது.
முற்றத்தில் மூன்று மஞ்சள் பேருந்துகள்,
பழைய படம், பழைய வெயில்.
கீழே ஒரு வரி:
மூடியிருக்கிறது. நாளை காலை ஏழு மணிக்குத் திறக்கும்.
அதனிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை.
எந்த ஆண்டோ ஒரு சிறுமி
நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறாள்:
வேதியியல் டீச்சர் கத்துவார், தண்ணீர் ஜில்லென்று இருக்கும்.
உணவு சூடாகிவிட்டதென்று
மைக்ரோவேவ் கத்தியது. போகவில்லை.

'வேம்புக்கு எதிரே' என்று தட்டினேன்.
கணினி சிவந்தது.
'அருகில்' என்றேன். இன்னும் சிவந்தது.
கடைசியில் படிவத்தின் முதுகை ஸ்கேன் செய்து
ஆவணத்தின் வகை என்ற இடத்தில்
'பிற' என்று போட்டு அனுப்பினேன்.
இது என்ன, என்று டார்லீன் எட்டிப் பார்த்தாள்.
முகவரி, என்றேன்.
இதற்கு நான் கையெழுத்துப் போட முடியாதே, என்றாள்
வருத்தமாகத்தான்.

நான்கு மணிக்கு இக்லாஸ் திரும்பி வந்தாள்.
இமையில் பனி. முடிவைக் கேட்க வரவில்லை.
அந்தத் தாள் வேண்டும், ஒரு தப்பு இருக்கிறது.
கோப்பிலிருந்து உருவிக் கொடுத்தேன்.
நின்றபடியே, சதுரத்தின் பின்சுவரில்
விரல் நுழையாத ஓர் இடைவெளி விட்டாள்.

பச்சை வாயில் மற்றவர்களுக்கு, என்றாள்.
ஏழு மணிக்கு மேல் வருகிற நாங்கள்
இப்படித்தான் போவோம்.